இரண்டாவது அடி

பராஸ்கிவா சாதுவான பெண் என்று நான் சொல்ல வரவில்லை. சாதுவானவர்களுக்குத்தான் நீதி என்றால், எங்கள் ட்ராம் டிப்போவில் ஒருவருக்கும் அது கிடைக்காது. அவள் வாயாடி. அவள் குரல் டான்யூப் ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும். வண்டி ஓட்டும்போது சூரியகாந்தி விதை கொறிக்கக் கூடாது என்பது விதி. அவள் காலடியில் எப்போதும் தோல் குவிந்து கிடக்கும். சீட்டு வாங்காமல் ஏறுகிறவன் எந்தப் பெரிய வீட்டுப் பிள்ளையானாலும் பெயர் சொல்லித் திட்டி இறக்கிவிடுவாள். வயிற்றுப்பிள்ளைக்காரி ஏறினால், யாராவது எழுந்து இடம் கொடுக்கும்வரை வண்டியை நகர்த்த மாட்டாள்.

அவளும் நானும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் ஆற்றங்கரைச் சேற்று நிலத்தில் மீன் பிடித்தவரின் மகள். நூற்பாலை வேலைக்கு நகரத்துக்கு வந்தாள். ஆலையை மூடியதும் ட்ராம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். குடித்துவிட்டுக் கையை ஓங்கிய புருஷனை அவன் துணிமூட்டையோடு மாடிப்படியில் இறக்கிவிட்டு, மகள் டோய்னாவைத் தனியாக வளர்த்தாள். டோய்னா இப்போது இத்தாலியில் ஒரு கிழத் தம்பதியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். எங்கள் ஊரில் வளர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கேதான்.

அது குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை. சந்தையிலிருந்து வந்தவர்கள் எல்லார் கையிலும், எங்கள் ஊரில் குருத்தோலைக்குப் பதிலாகப் பிடிக்கும் வில்லோ மரக்கிளை. பழைய சுங்கத் தெருவில் தண்டவாளம் நடைபாதையை ஒட்டியே போகும். ஒருவன் காரைச் சற்று அசட்டையாக நிறுத்தினாலும் ட்ராம் நிற்க வேண்டியதுதான். அன்று ஒரு கேக் கடையின் முன்னால் பெரிய கறுப்புக் கார் நின்றது. பராஸ்கிவா மணி அடித்தாள். மறுபடி அடித்தாள். கடையிலிருந்து ஹொராட்சியு வந்தான். நகரசபை உறுப்பினர் ஒருவரின் மகன். அப்பாவின் சிமெண்ட், செங்கல் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன். கையில் கேக் பெட்டி, காதில் போன். காரில் சாய்ந்துகொண்டு பேச ஆரம்பித்தான்.

அவள் கண்ணாடியைத் திறந்தாள்.

"தம்பி, காரை எடு. சனங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும், கிழவி. ட்ராம்ல வர்றவனுக்கு என்ன அவசரம்?"

"உங்கப்பன் செங்கலைத்தான் விக்கிறான்னு நெனச்சேன். தண்டவாளத்தையும் வாங்கிட்டானா?"

வண்டிக்குள் சிலர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. அவன் கேக் பெட்டியைக் காரின் கூரைமேல் வைத்தான். காரின் பின்பக்கத்தைத் திறந்து பேஸ்பால் மட்டையை எடுத்தான். எங்கள் நாட்டில் பேஸ்பால் விளையாடுகிறவன் ஒருவனையும் நான் பார்த்ததில்லை. ஆனால் மட்டை மட்டும் எல்லாக் கடையிலும் கிடைக்கும், பந்துதான் கிடைக்காது.

ஒரு முதியவர் இறங்குவதற்காக முன்கதவு திறந்திருந்தது. அவன் அவரைத் தள்ளிவிட்டு ஏறினான். ஓட்டுநர் அறையின் அரைக்கதவில் தாழ்ப்பாள் உடைந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. நாங்கள் எல்லாரும் புகார் கொடுத்திருந்தோம். முதல் அடி அவளுடைய வலது தோளில் விழுந்தது, அடுத்தது புருவத்தில். அவள் உட்கார்ந்திருந்தாள். எழ இடமில்லை. இருக்கைக்குப் பக்கத்தில் நாங்கள் எல்லாரும் வைத்திருக்கும் இரும்புக் கோல் இருந்தது. தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் இறங்கி, பாதையை நெம்பி மாற்றும் கோல். வலது கை மரத்துப்போயிருந்ததால் இடது கையால் அதை எடுத்து அவன் தாடையில் அடித்தாள். அவன் மட்டையை விடவில்லை. மறுபடி ஓங்கினான். அவள் இரண்டாம் முறை அடித்தாள், தலையில். அவன் படியில் மல்லாந்து தெருக்கல்லில் விழுந்தான்.

நான் அவளுக்குப் பின்னால் வந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். தொடக்கத்தை நான் பார்க்கவில்லை. இறங்கி ஓடிவந்தபோது நான் பார்த்தது: கீழே கிடந்த ஹொராட்சியு, அவன் காலருகே உருண்டு கிடந்த மட்டை, ஒரு கண்ணை இரத்தம் மூடியிருக்க ட்ராம் படியில் நின்ற பராஸ்கிவா.

"ஃபனே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. பையன் செத்துடப் போறான்" என்றாள் என்னிடம். அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இதையும் நான் போலீஸில் சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

போலீஸுக்கு முன்னால் சிமெண்ட் கிடங்கிலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருவன் காரை எடுத்துக்கொண்டு போனான், மட்டையோடு, கேக்கோடு. போலீஸ் வந்து அளவெடுத்தபோது தெருவில் இரத்தமும் இரும்புக் கோலும்தான் மிச்சம். ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டது. புருவத்தில் என் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நின்ற அவளுக்கு விலங்கு மாட்டினார்கள். எங்கிருந்தோ கேமராக்காரன் வந்திருந்தான். விலங்கு நன்றாகத் தெரியும்படி அவளைத் திருப்பி நிறுத்தியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மாலையே தொலைக்காட்சியில் வந்துவிட்டாள். 'இரும்புக் கோல் அரக்கி' என்று கொட்டை எழுத்து. கீழே அவளுடைய முகம், கண் வீங்கி, தலை கலைந்து. அரக்கியாகத் தெரிய இதைவிட என்ன வேண்டும்? அடி வாங்கிய முகம் அது என்று எவனும் சொல்லவில்லை. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொரு மனிதனும் நிரபராதி என்று எங்கள் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. பள்ளியில் எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அந்தப் பாடம் நடத்திய ஒக்டாவியா டீச்சர் அன்று அதே ட்ராமில் இருந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கொலை முயற்சி என்று வழக்கு. ஹொராட்சியு பிழைத்துக்கொண்டான். தாடை எலும்பு முறிவு, மண்டையில் விரிசல், ஒரு காதில் கேட்காது. தான் நியாயம் கேட்க ஏறியதாகவும், வெறுங்கையோடு போனதாகவும், அவள் காத்திருந்து அடித்ததாகவும் வாக்குமூலம் கொடுத்தான். அவளுடைய புருவக் காயம்? கண்ணாடியில் மோதியிருக்கலாம். தோள் எலும்பு? ஏற்கெனவே பழுதாக இருந்திருக்கலாம். அவனுக்கு எல்லாம் நிச்சயம். அவளுக்கு எல்லாம் 'இருக்கலாம்.'

மட்டையைப் பார்த்தேன் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். விசாரணை அதிகாரி பேனாவை மூடினார்.

"நீங்க பின் வண்டியில இருந்தீங்க. ஆரம்பத்துல என்ன நடந்துச்சுன்னு தெரியாது, இல்லையா?"

"தெரியாது சார். ஆனா மட்டை கீழ கெடந்தது."

"கட்டை மாதிரி ஏதோ ஒண்ணு."

"மட்டை சார்."

"'கட்டை போன்ற ஏதோ ஒன்று'ன்னு எழுதிக்கிறேன். கையெழுத்துப் போடுங்க."

நான் போட மாட்டேன் என்றேன். அப்படியானால் சாட்சியே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

அன்று அந்த வண்டியில் உட்கார இடமில்லாமல் ஜனம் நின்றுகொண்டு வந்தது. ஒருவராவது பார்த்திருக்க வேண்டுமே? ரொட்டி விற்கிறவன் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தானாம். மருந்துக்கடைப் பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கீழே தள்ளப்பட்ட முதியவரே தான் தடுக்கி விழுந்ததாகச் சொன்னார். ஒக்டாவியா டீச்சர், கடைசி இருக்கையில் இருந்ததாகவும் ஒன்றும் தெரியாது என்றும் எழுதிக் கொடுத்தார். வண்டிக் கேமரா வேலை செய்யவில்லை. அது எப்போதுமே வேலை செய்ததில்லை. நகரசபை உறுப்பினர் யாரையும் மிரட்டினார் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மிரட்டத் தேவையில்லை. யார் பிள்ளைக்கு யார் வேலை கொடுத்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

டிப்போ மேலாளர் அவளை ஒரே வாரத்தில் வேலையிலிருந்து நீக்கினார். நானும் இன்னும் நாலு பேரும் அவர் அறைக்குப் போனோம்.

"குற்றவாளியை வச்சு வண்டி ஓட்டச் சொல்றீங்களா? பொதுஜனம் என்ன நினைக்கும்?" என்றார்.

"வழக்குதான் போட்டிருக்காங்க. தீர்ப்பு வரலியே சார்."

"தீர்ப்பு வர்றப்ப வரட்டும். இப்ப அவ டிவியில வந்துட்டா."

"அந்தத் தாழ்ப்பாளைப் போட்டிருந்தா அவ டிவியிலயே வந்திருக்க மாட்டா" என்றேன். அதற்குப் பதிலாக எனக்கு மூன்று மாதம் அதிகாலை வண்டி கொடுத்தார்.

அவளைக் காவலில் வைத்தார்கள். வெளியே விட்டால் பொது அமைதிக்கு ஆபத்து என்று நீதிமன்றத்தில் காரணம் சொன்னார்கள். ஐம்பது வயது தாண்டியவள், தோள் எலும்பு உடைந்தவள், ஊரில் சொந்த வீடுள்ளவள், எங்கே ஓடப்போகிறாள், யாரை அடிக்கப்போகிறாள்? முப்பது நாள் முடியும்போது மறுபடி முப்பது நாள். வசந்தம் போய்க் கோடையும் போனது. என் மனைவி வாரம்தோறும் பாலாடைக்கட்டியும் கத்தரிக்காய்த் தொக்கும் கட்டிக் கொடுப்பாள். நான் எடுத்துப் போவேன்.

ஒருமுறை அவளைப் பார்த்தபோது குரல் இறங்கியிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஓடியிருக்கலாமேன்னு கேக்கறாங்க ஃபனே. உனக்குத் தெரியும்ல அந்த அறை? முன்னாடி கண்ணாடி, பக்கத்துல கண்ணாடி. இருக்கிற ஒரே வாசல்ல அவன் நிக்கிறான். எங்க ஓடறது? கண்ணாடியைப் பிச்சுக்கிட்டுப் பறந்து போகணுமா?"

"அதைச் சொன்னியா?"

"சொன்னேன். 'சரி, முதல் அடி தற்காப்பு. ரெண்டாவது அடி எதுக்கு?'ன்னு கேக்கறாங்க. ஒரு அடி அடிச்சுட்டு நிறுத்தி, தம்பி போதுமா, இன்னும் அடிக்கப் போறியான்னு அவனைக் கேட்டுட்டு அடிக்கணுமாம்."

பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "அவன் விழுந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. அவன் செத்திருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு தெரியல. அதுக்காக நான் அங்கயே செத்திருக்கணுமா?"

அரசு ஒதுக்கிய வக்கீல் பெயர் அவ்ராம். தடித்த, களைத்த மனிதர். முதல் சந்திப்பில் அவளுடைய பெயரையே தப்பாகச் சொன்னவர். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு குறையும், யோசியுங்கள் என்றார்.

"நான் செய்யாததை ஒத்துக்கிட்டா குறைப்பாங்களா?" என்று கேட்டாள்.

"நீங்க அடிச்சீங்கல்ல?"

"அடிச்சேன். அடிச்சது தப்பில்லைன்னு சொல்றேன். இது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா வக்கீலுக்குப் படிச்சீங்க?"

அவ்ராம் கோபித்துக்கொண்டு போனார். ஆனால் மறுவாரம் வந்தபோது வழக்குக் காகிதங்களை முழுக்கப் படித்துவிட்டு வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. மட்டை எங்கே, கார் எங்கே, காரை ஏன் யாரும் சோதிக்கவில்லை என்று என்னிடமே கத்தினார், நான்தான் ஒளித்துவைத்திருப்பது போல. அன்றுதான் அவள் வழக்குக்கு ஒரு வக்கீல் கிடைத்தார்.

சாட்சி மட்டும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் லிக்கா வந்தான். ஊரார் வைத்த பெயர் 'சுண்டுவிரல்'. எங்கள் நாலாம் எண் ட்ராமில் பை அறுக்கிறவன். அவன் ஏறினாலே பராஸ்கிவா ஒலிபெருக்கியை எடுத்து, "மக்களே, பையைப் பிடிங்க, சுண்டுவிரல் ஐயா வந்துட்டார்" என்று அறிவிப்பாள். அவன் ஒன்றும் திருடாமல் மருத்துவமனைக்குப் போகும் நாளிலும் அப்படித்தான். வண்டி முழுக்கச் சிரிக்கும். அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவான். அடி நடந்த அன்று மட்டும் நடு வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறியதால் அவள் கவனிக்கவில்லை.

ஒரு மத்தியானம் கடைசி நிறுத்தத்தில் நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றான். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"பர்ஸை விடுங்க ஃபனே அண்ணே. அதுல ஒண்ணும் இல்லைன்னு எனக்குப் போன மாசமே தெரியும்."

"என்ன வேணும்?"

"நான் அன்னைக்கு உள்ள இருந்தேன். முன்பக்கம். அவன்தான் முதல்ல அடிச்சான். ரெண்டு அடி. மட்டையால. மூணாவது ஓங்கறப்பதான் அக்கா ரெண்டாவது போட்டாங்க."

தேநீரைக் கீழே வைத்தேன். "இத்தனை மாசமா எங்கடா இருந்தே?"

"நான் போய்ச் சொன்னா போலீஸ்ல என்ன கேப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? நீ அங்க என்ன பண்ணிட்டிருந்தேன்னுதான முதல் கேள்வி?"

"இப்ப மட்டும் கேக்க மாட்டாங்களா?"

"அண்ணே, நான் நாலு வாட்டி உள்ள போயிருக்கேன். மூணு தடவை நான் எடுத்தது. அதுக்கு இருந்தேன், வந்தேன், தூக்கம் வந்துச்சு. ஒரு தடவை நான் எடுக்கல. எடுக்கலைன்னு எவ்வளவோ சொன்னேன். சிரிச்சாங்க. அந்தத் தடவை இருந்தது இருக்கே, அது இன்னும் முடியல. அந்த அக்கா இப்ப அதுலதான் இருக்கு."

"அவ உன்னை எவ்வளவு அவமானப்படுத்தினா!"

"ஆமா. வெளிய வந்ததும் அதைக் கேக்கணும்."

வழக்கு இலையுதிர் காலத்தில் விசாரணைக்கு வந்தது. ஹொராட்சியு கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். மண்டபம் நிறைந்திருந்தது. ஒக்டாவியா டீச்சர் காலையிலேயே சாட்சி சொன்னார்: கடைசி இருக்கை, ஒன்றும் தெரியவில்லை. சொல்லிவிட்டு, போகாமல் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டார். போக மனம் வரவில்லை போல.

வீட்டுக்குள் வலிய நுழைகிறவனை அடித்தால் எங்கள் சட்டம் அதைத் தற்காப்பு என்றே எடுத்துக்கொள்கிறது. பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் அறையை ஏன் அப்படிப் பார்க்கக் கூடாது என்று அவ்ராம் கேட்டார். அரசு வக்கீல் சிரித்தார். "ட்ராமில் கட்டிலும் போட்டிருக்கிறார்களா?" என்றார். சிலர் கூடச் சிரித்தார்கள். தோள் எலும்பு சரியாகக் கூடாமல் இன்னும் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முன்னால் சிரித்தார்கள்.

பிறகு லிக்கா கூண்டில் ஏறினான். முடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான்.

"எத்தனை முறை தண்டனை அனுபவிச்சிருக்கீங்க?" அரசு வக்கீல் தொடங்கினார்.

"நாலு சார். அதுல மூணு நியாயம்."

"அன்னைக்கு ட்ராம்ல உங்களுக்கு என்ன வேலை?"

நீதிபதியம்மா குறுக்கிட்டார். "உங்களையே குற்றத்துல மாட்டவைக்கிற எந்தக் கேள்விக்கும் நீங்க பதில் சொல்ல வேண்டியதில்லை. புரியுதா?"

"புரியுதும்மா. ஆனா சொல்லலைன்னா நான் முன்னாடி நின்னேன்னு எவனும் நம்ப மாட்டான்." அவன் ஒரு மூச்சு விட்டான். "ஒக்டாவியா டீச்சர் முன்வாசல் கம்பியைப் பிடிச்சுட்டு நின்னாங்க. என் கை அவங்க பைக்குள்ள இருந்தது. பச்சைத் தோல் பர்ஸ். உள்ள மாதா படம். எடுத்துட்டு நிமிர்றேன், மட்டை என் தலைக்கு மேல போகுது."

கூட்டத்தில் யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும் சத்தம் கேட்டது. ஒக்டாவியா டீச்சர்.

"அடப்பாவி! நீதானா அது? என் கண்ணெதிர்ல அந்தப் பொம்பளையை மாட்டை அடிக்கிற மாதிரி அடிக்கிறான், நான் கையும் காலும் நடுங்கி நிக்கிறேன், அப்ப என் பைக்குள்ளயா கையை விட்டே?"

தான் என்ன சொன்னோம் என்று டீச்சருக்கே அப்போதுதான் புரிந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"டீச்சர், முன்னாடி வாங்க" என்றார் நீதிபதியம்மா. "கடைசி இருக்கைன்னு காலையில சொன்னீங்க."

அவர் நடந்து வந்தார். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். தன் மகன் சிமெண்ட் கிடங்கில் வேலை செய்கிறான், அவனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மட்டை, தோள், புருவம், மறுபடி ஓங்கிய கை. எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வாய் திறக்காமல் இருந்த மாதங்களை வேறொருத்தி பூட்டிய அறையில் கழித்திருந்தாள்.

கடைசியில் நீதிபதியம்மா பராஸ்கிவாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். இரண்டாவது முறை ஏன் அடித்தீர்கள்?

"அவன் கை மேல போச்சும்மா. ஒரு கண்ணுல ரத்தம், ஒண்ணுலதான் பாத்தேன். நான் எண்ணிக்கிட்டு அடிக்கல. நீங்க எல்லாரும் இத்தனை மாசம் உக்காந்து எண்ணினதை நான் ஒரு மூச்சுல எண்ணணும்னு சொல்றீங்க. எனக்கு வராது."

அன்றே அவளை வெளியே விட்டார்கள். பனிக்காலத்தில் தீர்ப்பு வந்தது: விடுதலை. முதல் அடி தற்காப்பு. இரண்டாவதும் தற்காப்பே. அப்படியே எல்லை மீறியிருந்தாலும், அந்த நிலையில் எவருக்கும் வரும் அச்சத்தாலும் அதிர்ச்சியாலும் நேர்ந்தது, அது குற்றமாகாது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. அதிலும் தோற்றது, இன்னொரு வருடத்தைத் தின்றுவிட்டு.

விடுதலைத் தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற வாசலில் ஒரு நிருபர் ஒலிவாங்கியை நீட்டினான்.

"நிரபராதி ஆயிட்டீங்க. எப்படி இருக்கு?"

"ஆகலடா. இருந்தேன்" என்றாள். அவன் அதை ஒளிபரப்பவில்லை. அவளை அரக்கி என்றவர்கள் ஒரு வாரம் முழுக்கச் சொன்னார்கள். விடுதலையை வானிலைக்கு முன்னால் ஒரு வரியில் வாசித்தார்கள். ஹொராட்சியு மீதான வழக்கு பரிசீலனையில் இருக்கிறது. இன்னும் இருக்கிறது. மட்டையை ஒளித்தவர்கள் யார் என்று எவரும் கேட்கவில்லை.

லிக்கா விஷயத்தில் மட்டும் நீதி சுறுசுறுப்பாக நடந்தது. நீதிமன்றப் படியிலேயே அவனைப் பிடித்தார்கள். தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட திருட்டு, பழைய குற்றவாளி, ஒன்றரை வருடம். ஒரு பச்சைப் பர்ஸுக்கு.

பராஸ்கிவா அவனைப் பார்க்கச் சிறைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். புகைத்த இறைச்சியும் சிகரெட்டும் எடுத்துக்கொண்டாள். வாயிற்காவலன் கேட்டான்: "உறவா?"

"இல்ல. எனக்காகச் சாட்சி சொன்னவன்."

அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். புருவத்துத் தழும்பைப் பார்த்தான். "அட, அந்த இரும்புக் கோல்காரி! ஆளைக் கொன்ன பொம்பளைதான நீ?"

நான் முன்னால் போனேன். அவள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "யாரும் சாகல தம்பி. நான் எந்தத் தப்பும் செய்யலன்னு ரெண்டு கோர்ட்டு சொல்லிடுச்சு. உனக்கு மூணாவதா ஒண்ணு வேணும்னா போய்த் தேடு. இப்ப கதவைத் திற."

லிக்கா மெலிந்திருந்தான். அவள் உட்கார்ந்ததும் எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "ஒலிபெருக்கியில உன்னைக் கத்தினது தப்பு. நீ கையை நீட்டினப்ப கத்தியிருக்கணும். ஏறினதுக்கே கத்தக் கூடாது."

"பாதி நாள் நீட்டத்தான்க்கா ஏறினேன்."

"அந்தப் பாதி நாளைக்கு நான் மன்னிப்புக் கேக்கல. மீதிப் பாதிக்குக் கேக்கறேன்."

அவன் சிரித்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இறைச்சி நன்றாக இருக்கிறதா என்று அவள் கேட்டாள்; இன்னும் பொட்டலமே பிரிக்கவில்லை. திரும்பி வரும் பேருந்திலிருந்து இறங்கும்போது சொன்னாள்: "உண்மையைச் சொன்னதுக்கு உள்ள இருக்கிறவன் அவன் ஒருத்தன்தான் ஃபனே. பொய் சொன்னவன் அத்தனை பேரும் வீட்டுல சாப்பிடறான்."

காவலில் வைத்த மாதங்களுக்கு இழப்பீடு கேட்டு அவ்ராம் மனுப் போட்டார். காவல் அன்றைய நிலையில் சட்டப்படியே நடந்தது என்று பதில் வந்தது. வேலையிலிருந்து நீக்கியதை எதிர்த்துப் போட்ட வழக்கில் ஜெயித்தாள். மேலாளர் அவளை மறுபடி எடுத்துக்கொண்டு, தண்டவாளத்தில் மணல் தூவும், பயணிகள் ஏறாத வண்டியைக் கொடுத்தார். பயணிகள் பயப்படுவார்களாம். அவள் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து, சீருடையோடு அவர் அறை வாசலில் போய் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசமாட்டாள். விதை கொறிப்பாள். தோலைத் தரையில் போடுவாள். ஒரு மாதம் தாக்குப்பிடித்த மேலாளர், கடைசியில் அவளுக்கு மறுபடி நாலாம் எண்ணைக் கொடுத்தார். தாழ்ப்பாள் போட்ட கதவோடு. அதை அவள் முதலில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.

முதல் நாள் நானும் ஏறிக்கொண்டேன். சிலர் வணக்கம் சொன்னார்கள். சிலர் பின்வாசலுக்குப் போனார்கள். சந்தை நிறுத்தத்தில் ஒரு இளம்பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலைத் தூக்கினாள், ஓட்டுநரைப் பார்த்தாள், காலைக் கீழே வைத்துவிட்டாள். பராஸ்கிவா காத்திருந்தாள். அந்தப் பெண் வேறு பக்கம் பார்த்தாள். ட்ராம் மணி அடித்து நகர்ந்தது.

எனக்கு இரத்தம் கொதித்தது. அந்தப் பெண்ணிடம் இறங்கிப் போய்த் தீர்ப்பை முழுக்கச் சொல்லலாமா என்றிருந்தது. அதை அவளிடம் சொன்னேன்.

"விடு" என்றாள் பராஸ்கிவா, சாலையைப் பார்த்தபடியே. "நாளைக்கு ஏறுவா. குழந்தையைத் தூக்கிட்டு எவ்வளவு தூரம் நடப்பா?"